தாளம் யார் கணக்கில்?

அட்டையில் ஐந்து பெண்கள். தலையில் துண்டு, உடம்பில் துண்டு, முகம் முழுக்க வெள்ளைக் களிம்பு. யார் பாடகி, யார் டிரம்ஸ் அடிப்பவர் என்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. படம் எடுத்து முடிந்ததும் அந்தத் துண்டுகளை மடித்து, வாங்கிய மேசீஸ் கடையிலேயே திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார்கள். அந்த அட்டைக்குள் இருந்த இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. நாலைந்து துண்டுகளைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வழியில்லாத நேரத்தில் எடுத்த படம் அது.

இசைக்குழுவின் பெயர் தி கோ-கோஸ். ஆல்பத்தின் பெயர் 'பியூட்டி அண்ட் தி பீட்', வெளிவந்தது 1981 ஜூலையில். அழகியும் அரக்கனும் என்ற பழைய கதையின் பெயரில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் அரக்கன் தாளமாகிவிடுகிறான். கேட்டால் லேசாகச் சிரிப்பு வரும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஆல்பத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் அந்தத் 'தாளம்' என்ற சொல்லிலேயே போய் நிற்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதன்முதலில் இதைக் கேட்டது திருச்சியில், 2003இல், கல்லூரி விடுதி அறையில். பெங்களூரில் வேலை பார்த்த பெரியம்மா மகன் எரித்துக் கொடுத்த எம்பி3 சிடி. நூற்றுச் சொச்சம் பாட்டு. பாதிக்கு மேல் பெயரே இருக்காது, 'டிராக் 17', 'டிராக் 18' என்றுதான் இருக்கும். அதில் ஒன்று வெறும் டிரம்ஸில் தொடங்கியது. கிடார் இல்லை, குரல் இல்லை. யாரோ கதவைத் தட்டுவது மாதிரி, திறக்கும்வரை விடமாட்டேன் என்கிற மாதிரி ஓர் அடி. என் அறைத்தோழி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ போடு" என்றாள். பேர் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. மூன்றாவது தடவை போட்டபோது பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடிப்பது ஒரு பெண் என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நம்பியிருப்போமா என்பதும் சந்தேகம். நாங்கள் படித்தது பெண்கள் கல்லூரி. மெல்லிசைப் போட்டிக்குக்கூடக் கீபோர்டு, தபலா, ரிதம் பேட் வாசிக்க வெளியிலிருந்து ஆண்களைத்தான் வரவழைப்பார்கள். பாட நாங்கள், வாசிக்க அவர்கள். அது வெயிலும் மழையும் மாதிரி இயற்கை ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தோம்.

லாஸ் ஏஞ்சலிஸிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

1978இல் ஹாலிவுட்டில் மாஸ்க் என்றொரு இடம் இருந்தது. ஒரு கட்டடத்தின் நிலவறை. சுவரெல்லாம் கிறுக்கல். பங்க் இசைக்காரர்கள் அங்கே கூடுவார்கள். பங்க்கின் அடிப்படைச் சட்டமே வாசிக்கத் தெரியாதவனும் மேடையேறலாம் என்பதுதான். கோ-கோஸ் அந்தச் சலுகையை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது. பெலிண்டா கார்லைல், ஜேன் வீட்லின், மார்கோ ஒலவரியா, எலிசா பெல்லோ. மே மாதம் அந்த நிலவறையில் முதல் கச்சேரி. கைவசம் இருந்ததே இரண்டு மூன்று பாட்டு. வாத்தியம் பழகுவதும் குழு நடத்துவதும் ஒரே நேரத்தில் நடந்தன. பெலிண்டா அதற்கு முன் ஜெர்ம்ஸ் என்ற குழுவில் டாட்டி டேஞ்சர் என்ற பட்டப்பெயரோடு டிரம்ஸ் அடிக்கச் சேர்ந்தவர். உடம்பு சரியில்லாமல் போய் ஒரு மேடைகூட ஏறாமலே விலகியவர். ஒரே தகுதி அதுதான் என்றாலும் அந்த வட்டாரத்தில் அது நல்ல தகுதிதான்.

பிறகு ஷார்லட் காஃபி வந்தார். இவருக்கு முறையாகச் சங்கீதம் தெரியும், பியானோ படித்தவர். 1979இல் ஜீனா ஷாக் வந்தார். பால்டிமோரிலிருந்து ஒரு பிக்கப் வண்டியில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டி வந்தவர். அதுவரை டிரம்ஸ் அடித்த எலிசாவின் இடத்தில் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒழுங்காகத் தினமும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததுதான். மற்றவர்களுக்கு அது விளையாட்டு, ஜீனாவுக்கு அது தொழில். இந்தக் குழுவின் வரலாற்றை எத்தனை பேர் எழுதினாலும் இந்த இடம் வராமல் போகாது. ஜீனா வருவதற்கு முன் அது ஒரு நட்புக் கூட்டம், வந்த பிறகுதான் இசைக்குழு.

ஷார்லட்டின் கதையில் எனக்குப் பிடித்தது அவருடைய கூச்சம். ஒரு நாள் முழுக்க மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பழைய பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ராத்திரி டிவியில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருக்க, சில நிமிடங்களில் ஒரு பாட்டு முழுசாக வந்து விழுந்துவிட்டது. 'வீ காட் தி பீட்'. ஆனால் அதைக் குழுவிடம் கொண்டுபோகப் பயம். நாலு பங்க் பெண்களிடம் இவ்வளவு இனிப்பான மெட்டைக் காட்டினால் என்ன சொல்வார்களோ? தன் தெருவில் எல்லோரும் காரமாகச் சமைக்கும்போது ஒருத்தி மட்டும் பாயசம் வைத்துவிட்டுத் தூக்குவாளியை முந்தானையில் மறைத்துக்கொண்டு வருகிற மாதிரி. அவர்கள் குடித்துப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

1980இல் இங்கிலாந்து போனார்கள். குழுவின் மேலாளர் ஜிஞ்சர் கான்சோனேரி தன் நகைகளையும் உடைமைகளையும் பணமாக்கித்தான் அந்தப் பயணத்தை நடத்தினார். மேட்னஸ், தி ஸ்பெஷல்ஸ் என்ற, ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இசையை வாசிக்கும் குழுக்களுக்கு முன்னால் மேடையேறும் வாய்ப்பு. கூட்டத்தில் மொட்டைத் தலைக் கும்பல் நிறைய. அவர்களுக்கு அமெரிக்கப் பெண்களைப் பார்க்கும் பொறுமை இல்லை. எச்சில் துப்பினார்கள், கெட்ட வார்த்தை கத்தினார்கள். மேடையிலிருந்து இறங்கி அழுவது, மறுநாள் ஏறி வாசிப்பது. இப்படி ஒரு பருவம் முழுக்க. திரும்பி வரும்போது இரண்டு லாபம் இருந்தது. ஒன்று, லண்டனின் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் 'வீ காட் தி பீட்'டை ஒரு சிறிய இசைத்தட்டாகப் போட்டது. அது இறக்குமதிச் சரக்காக அமெரிக்க நடன அரங்குகளுக்குள் நுழைந்தது. இரண்டு, கை தேறிவிட்டது. எச்சிலுக்கு நடுவே தாளம் பிசகாமல் வாசித்துப் பழகியவர்களுக்கு அப்புறம் எந்த மேடையும் பெரிதில்லை.

மூன்றாவதாக ஒரு லாபமும் உண்டு, அது தபாலில் வந்தது. ஸ்பெஷல்ஸின் பாடகர் டெரி ஹாலுக்கும் ஜேன் வீட்லினுக்கும் இடையே ஒரு காதல். டெரிக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள், அதனால் அது நீளவில்லை. ஆனால் அவர் பாட்டு வரிகள் சிலவற்றைக் கடிதத்தில் அனுப்பினார். ஊர் நம்மைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும், நாம் வாய் திறக்கப் போவதில்லை என்பது அதன் சாரம். ஜேன் அதை முடித்து மெட்டமைத்தார். 'அவர் லிப்ஸ் ஆர் சீல்டு'. டெரி பிற்பாடு ஃபன் பாய் த்ரீ என்ற தன் குழுவோடு அதே பாட்டைப் பாடினார். 1983இல் அது பிரிட்டனில் 7ஆம் இடம் வரை போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஜேனுடையது ரகசியத்தை வைத்திருப்பவளின் குதூகலம். டெரியுடையது அதே ரகசியம் உள்ளே அரிக்கிறவனின் குரல். ஒரே வரிகள்தான்.

இனி வருவது சொல்லச் சங்கடமான பகுதி.

குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் மார்கோ. பேஸ் கிடார் அவருடையது. பங்க்கை அவர் உண்மையாகவே நம்பினார். பாட்டுகள் மெல்ல மெல்ல இனிப்பாகிக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்கவில்லை, அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். 1980 டிசம்பரில் அவர் மஞ்சள் காமாலையில் படுத்தார். விஸ்கி அ கோ கோ அரங்கில் ஆண்டிறுதிக் கச்சேரிகள் ஒத்துக்கொண்டிருந்தார்கள், ஆள் வேண்டும். கிறிஸ்துமஸ் இரவு அதே அரங்கின் கழிப்பறையில் ஷார்லட் தற்செயலாகச் சந்தித்த பெண் கேத்தி வாலன்டைன். டெக்சஸின் ஆஸ்டின்காரர், கிடார் வாசிப்பவர், பேஸ் தொட்டதில்லை. பரவாயில்லை என்றார். சில நாட்களில் எல்லாப் பாட்டையும் கற்றுக்கொண்டு மேடையேறினார். மேடை பற்றிக்கொண்டது. மார்கோ தேறி எழுந்தபோது அவருக்கு இடம் இருக்கவில்லை.

கேத்தி வந்ததும் குழு இறுகியது, பாட்டு பறந்தது. இதை மறுக்க முடியாது. காய்ச்சலில் கிடந்தவளை மாற்றினார்கள், அதையும் மறுக்க முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை. ஆல்பத்தைக் கேட்கும்போது கேத்தியின் பேஸ் குதித்துக்கொண்டு வரும். எனக்கு மார்கோவின் ஞாபகமும் கூடவே வரும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அரங்குகள் நிறைந்தன. ஆனால் பெரிய கம்பெனிகள் ஒன்றுகூட ஒப்பந்தம் போடவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது, கூட்டம் வருகிறது, ஆனால் முழுக்கப் பெண்கள் வாசிக்கும் குழு எதுவும் விற்றதாக முன்னுதாரணம் இல்லையே என்றார்கள். விற்காது என்பதால் எடுக்கவில்லை, எடுக்காததால் விற்கவில்லை. வட்டம் அழகாக மூடிக்கொள்கிறது. கடைசியில் கை கொடுத்தது ஐஆர்எஸ் என்ற சின்னக் கம்பெனி. அதை நடத்திய மைல்ஸ் கோப்லண்ட், தி போலீஸ் என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் மேலாளர். அதன் டிரம்ஸ்காரர் ஸ்டூவர்ட்டின் அண்ணன். பணம் குறைவு, ஆனால் சரி என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

பதிவுக்கு நியூயார்க் போனார்கள். தயாரிப்பாளர் ரிச்சர்ட் கோட்டரர், உடன் ராப் ஃப்ரீமன். கோட்டரர் 1960களில் பெண் குரல் குழுக்களுக்குப் பாட்டு எழுதிப் பிழைத்தவர். பிளாண்டி என்ற குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களையும் தயாரித்தவர். அதாவது பழைய காலத்துத் தேன்குழல் மெட்டும் தெரியும், புதிய காலத்து முரட்டுத்தனமும் தெரியும். 'நியூ வேவ்' என்பதே அந்த இரண்டின் சம்பந்தம்தான். பங்க் என்று சொன்னால் ரேடியோக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அதையே தலைவாரிப் பொட்டு வைத்து நியூ வேவ் என்று அழைத்தால் உள்ளே விட்டார்கள்.

கோட்டரர் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான். மெதுவாக வாசியுங்கள்.

மேடையில் அவர்கள் பறப்பார்கள். பங்க் பழக்கம். இரண்டரை நிமிடப் பாட்டை ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடித்துவிட்டு மூச்சு வாங்குவது. உங்கள் பாட்டில் நல்ல மெட்டு இருக்கிறது, நல்ல வரி இருக்கிறது, இந்த வேகத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்றார் அவர். வேகத்தைக் குறைத்தார்கள். கிடார்களின் கரகரப்பு துடைக்கப்பட்டது. பெலிண்டாவின் குரல் முன்னால் வந்தது. முடித்துப் போட்டுக் காட்டியபோது குழுவுக்கு அதிர்ச்சி. சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்கள் பங்க் குழு, இதென்ன மிட்டாய் மாதிரி இருக்கிறது என்று. நிலவறையில் தொடங்கிய நண்பர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிய கவலை.

நான் இந்த விஷயத்தில் கோட்டரர் பக்கம். இசைக்காரர்களைத் தயாரிப்பாளர்கள் மழுங்கடித்த கதைகள் ஆயிரம் உண்டு. இது அந்த ரகமில்லை. வேகம் குறைந்ததும் என்ன நடந்தது என்றால், பாட்டுக்குள் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் ஜீனா உட்கார்ந்துகொண்டார். 'வீ காட் தி பீட்'டின் தொடக்கத்தில் அந்த டாம் (டிரம்ஸில் ஒரு வகை) அடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகின்றன. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக் கொடுக்க டிரம்ஸும் கைதட்டலும் மட்டும் ஓடும் பகுதியில், வேகமாக அடித்திருந்தால் அது சத்தமாகியிருக்கும், இப்போது அது நடையாக இருக்கிறது. இழுத்துப் பிடித்த குதிரையின் நடை.

மற்றப் பாட்டுகளில் எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'ஆட்டோமேட்டிக்' எனக்கு இன்றும் கொஞ்சம் கொட்டாவிதான். 'ஸ்கிட்மார்க்ஸ் ஆன் மை ஹார்ட்' தன்னைவிடக் காரை அதிகம் காதலிக்கும் பையனைப் பற்றியது. வேடிக்கைதான், ஒரு தடவைக்கு மேல் சிரிப்பு வருவதில்லை. ஆனால் 'லஸ்ட் டு லவ்' வேறு உயரம். காமத்தை விளையாட்டாகத் தொடங்கியவள் காதலில் மாட்டிக்கொண்டு தன் மேலேயே எரிச்சல்படும் பாட்டு. இந்த ஆல்பத்தைக் கடற்கரைக் கொண்டாட்டம் என்று மட்டும் எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'திஸ் டவுன்' லாஸ் ஏஞ்சலிஸைப் பற்றியது. ஊர்ப் பெருமை பாடுகிற மாதிரியே தொடங்கும், தாளம் ஊஞ்சல் மாதிரி அசையும், கேட்கக் கேட்க அந்த ஊஞ்சலின் சங்கிலி கிரீச்சிடுவது தெரியும். பளபளப்புக்குள் இருக்கும் அழுகலை அதே பளபளப்பான குரலில் பாடியிருக்கிறார்கள். 11 பாட்டு, சுமார் 35 நிமிடம். சென்னையில் ஒரு சிக்னல் கூடுதலாக விழுந்தால் வேலைக்குப் போகும் வழியில் ஆல்பம் முடிந்துவிடும்.

வெளியான சில வாரங்களில், 1981 ஆகஸ்ட் 1 அன்று, பாட்டு வீடியோக்களையே ஒளிபரப்பும் எம்டிவி தொடங்கியது. பாட்டுக்குப் படம் வேண்டும், கையில் காசில்லை. போலீஸ் குழுவின் வீடியோவுக்கு ஒதுக்கியதில் மிஞ்சிய பணத்தில் 'அவர் லிப்ஸ் ஆர் சீல்டு' எடுக்கப்பட்டது. திறந்த காரில் ஊர் சுற்றுகிறார்கள், கடைசியில் பெவர்லி ஹில்ஸ் நீரூற்றுக்குள் உடுப்போடு குதிக்கிறார்கள். நிஜப் போலீஸ்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போனால் படத்துக்கு நல்ல முடிவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்களாம். யாரும் வரவில்லை. நனைந்தது மட்டும் மிச்சம். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வீடியோவிலேயே தெரியும். அந்த அலட்சியம்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது.

ஆல்பம் ஒரேயடியாக மேலே போகவில்லை. படிப்படியாக, எட்டு மாதம். 1982 தொடக்கத்தில் போலீஸ் குழுவின் சுற்றுப்பயணத்தில் முன்வரிசைக் குழுவாக வாசித்தார்கள். முன்வரிசை என்பது மரியாதையான சொல். கூட்டம் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இருக்கை தேடும் நேரத்தில் வாசிப்பது என்று அர்த்தம். அந்தப் பயணத்தின் நடுவில், யாருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்களோ அந்தப் போலீஸின் ஆல்பத்தையே பட்டியலில் தாண்டிவிட்டார்கள். அதன் பாடகர் ஸ்டிங் ஒரு ஷாம்பெயின் பாட்டிலோடு அவர்கள் அறைக்கு வந்து வாழ்த்தினார். 1982 மார்ச்சில் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலின் முதலிடம், ஆறு வாரம். தாங்களே எழுதி, தாங்களே வாசித்த பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. 'வீ காட் தி பீட்' தனிப்பாட்டுப் பட்டியலில் 2ஆம் இடத்தில் மூன்று வாரம் நின்றது. மேலே அசையாமல் உட்கார்ந்திருந்தது ஜோன் ஜெட்டின் 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்'. கிடாரைப் பிடித்த ஒரு பெண்ணைத் தாண்ட முடியாமல் இன்னொரு பெண்கள் குழு நின்ற வாரங்கள் அவை. முன்னுதாரணம் இல்லை என்ற கம்பெனிக்காரர்கள் அந்தப் பட்டியலை எந்த முகத்தோடு படித்தார்கள் என்று பார்க்க ஆசை.

உலகம் அதற்காக ரொம்பவும் மாறிவிடவில்லை. 1982 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் அட்டையில் வந்தார்கள். உள்ளாடையோடு. ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். மேலே இரட்டை அர்த்தத் தலைப்பு. படத்துக்கு ஒத்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தலைப்பு பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. களிம்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழகுச் சாதனங்களையே கிண்டல் செய்த அட்டையோடு வந்தவர்களை ஓராண்டில் இந்த அட்டைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது கணக்கு.

இசையுலகில் பணம் இரண்டு வாய்க்காலில் ஓடும். இசைத்தட்டு விற்பதில் வரும் பங்கு ஒன்று. அது குழுவில் எல்லோருக்கும் உண்டு. பாட்டை எழுதியவருக்கு வரும் உரிமைத்தொகை இன்னொன்று. ஒவ்வொரு பிரதிக்கும், ஒவ்வொரு முறை ரேடியோவில் ஒலிக்கும்போதும், பின்னாளில் படத்திலோ விளம்பரத்திலோ போட்டாலும் வரும். இரண்டாவது வாய்க்காலில்தான் தண்ணீர் வற்றாது. அது எழுதியவர் வீட்டுக்கு மட்டுமே பாயும்.

ஆல்பத்தின் பின்னட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். 11 பாட்டில் ஷார்லட் காஃபியின் பெயர் 8இல் இருக்கிறது. ஜேன் வீட்லின் 7இல். பெலிண்டா ஒன்றில், கேத்தி ஒன்றில். ஜீனா ஷாக்கின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

'வீ காட் தி பீட்' ஷார்லட் தனியாக எழுதியது. மெட்டு அவருடையது, வரி அவருடையது. அதில் தகராறு இல்லை. ஆனால் யாரையாவது எழுப்பி அந்தப் பாட்டைச் சொல் என்றால் வாயால் என்ன சொல்வார்கள்? அந்த டிரம்ஸைத்தான் சொல்வார்கள். எங்கள் விடுதியில் வாளி அதைத்தான் சொன்னது. தாளம் எங்களிடம் இருக்கிறது என்று ஊருக்கே அறிவித்த பாட்டில், தாளம் போட்டவருக்குச் சட்டப்படி பங்கில்லை. மெட்டும் சொல்லும் 'எழுதப்படுபவை', தாளம் 'வாசிக்கப்படுவது' என்பது சட்டத்தின் பார்வை. ஒரு பாட்டு டிரம்ஸ் அடியிலேயே பிறந்து அதிலேயே வாழும்போது இந்தப் பிரிவினைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்ததேயில்லை.

இந்த மனத்தாங்கல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஒரே வண்டியில் பயணம், ஒரே மேடை, ஒரே அளவு தூக்கமின்மை. வங்கிக் கணக்கு மட்டும் வேறு வேறு. எழுதியவர்கள் தங்கள் பங்கை விட்டுத்தரத் தயாராக இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, ராத்திரி தனியாக உட்கார்ந்து உருவாக்கியது அவர்கள்தானே. இதோடு குடி, கொகெய்ன், ஷார்லட்டின் ஹெராயின் பழக்கம். மூன்றாவது ஆல்பம் 'டாக் ஷோ' வந்த 1984இல் ஜீனாவுக்குப் பிறவியிலிருந்தே இருந்த இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. தேறி வந்து அடித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜேன் விலகினார். 1985இல் குழு கலைந்தது. பிறகு சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், வழக்குப் போட்டார்கள், மறுபடி சேர்ந்தார்கள். அதெல்லாம் நம் ஊர்க் கூட்டுக் குடும்பக் கதைதான், விரிக்க வேண்டியதில்லை. 2021இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஐவரையும் சேர்த்தார்கள். மார்கோவின் பெயர் அந்த ஐந்தில் இல்லை.

வாளிக் கதையை நான் பாதியில் விட்டிருக்கிறேன்.

எங்கள் இறுதி ஆண்டு மெல்லிசைப் போட்டியில் ரிதம் பேட் வாசிக்க வர வேண்டிய அண்ணன் வரவில்லை. பேட் மட்டும் வந்திருந்தது. அறைத்தோழி போய் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் வாளியில் அடித்த கை. கீபோர்டுக்காரர் முதல் பாட்டில் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், இரண்டாவது பாட்டில் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழில் பாடிய இருவரின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. வாசிப்பவர்கள் வெளியாட்கள், அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கமில்லை என்றார்கள். இவள் வெளியாள் இல்லையே என்று யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு பெயரில் ஒன்று என்னுடையது. நானும் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழை வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களோடு இணைத்தும் இருக்கிறேன்.

போன மாதம் 'வீ காட் தி பீட்'டின் இரண்டு பதிவுகளையும் அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். 1980இல் ஸ்டிஃப் போட்டது, பிறகு ஆல்பத்தில் வந்தது. எது எது என்று சொல்லவில்லை. அவள் இப்போது மதுரைப் பக்கம் ஒரு வங்கியில் இருக்கிறாள். ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது.

"முதல்ல உள்ளது பச்சையா இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு ரெண்டாவதுலதான்டி உக்காந்து அடிக்கிறா."

நான் சான்றிதழ் விஷயத்தை எழுதத் தொடங்கினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பிறகு,

"அது கெடக்கட்டும். ரெண்டுலயும் பேஸ் வேற வேற ஆளு மாதிரி கேக்குது. மொதல்ல வாசிச்சது யாரு?"